கண்ணுக்குத் தெரியாத பலகை

லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அந்த இன்ஜினியர், தினமும் காலையில் மாடிப்படி ஏறித்தான் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தார். உடம்பைக் குறைக்கும் ஆசையெல்லாம் ஒன்றுமில்லை. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடிப் பார்க்க வேண்டிய உடம்பு அது. தங்கள் லிஃப்டைப் பற்றி அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பார்க்க ராஜகம்பீரமான லிஃப்ட். கம்பெனியின் புது மாடல் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஆபீஸ் கட்டடத்தில் முதலில் பொருத்தியது. பளபளக்கும் கதவு, உள்ளே முகம் பார்க்கக் கண்ணாடி, மெல்லிய இசை, ஒவ்வொரு மாடியின் எண்ணையும் காதலைச் சொல்வதுபோலச் சொல்லும் ஒரு பெண் குரல். ஒரே ஒரு குறைதான். நாலு பேர் ஏறினால், நிற்க வேண்டிய மாடிக்கு நாலு விரற்கடை கீழே போய் நிற்கும். கதவு திறந்ததும் காலை எடுத்து வைப்பவர்கள், அங்கே ஒரு திட்டு இருப்பது தெரியாமல் தடுக்கி, மேல்மாடி வரவேற்பறையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். வந்த விருந்தாளிகள் எல்லாரும் கம்பெனியை விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

பாரம் ஏறினால் லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறு கொஞ்சம் இழுபடும். இது உலகத்து இரும்புக் கயிறு எல்லாவற்றுக்கும் உள்ள குணம். அதற்காகத்தான் இன்ஜினியர் தன் வரைபடத்தில் ஒரு சென்சார் வைத்திருந்தார். லிஃப்ட் நின்ற பிறகு தரையோடு சமமாக இருக்கிறதா என்று பார்த்து, இறங்கியிருந்தால் மேலே தூக்கிச் சரிசெய்யும் சின்னக் கறுப்புப் பெட்டி. அது இப்போது லிஃப்டில் இல்லை. ஏன் இல்லை என்றால், மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை என்றால் கம்பெனியின் இயக்குநர். முதலாளிக்கு ஒரே மகள். மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு கம்பெனியையும் கொடுத்துவிட்டு முதலாளி ஓய்வு எடுக்கப் போய்விட்டார். முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னே "மாப்பிள்ளை" என்பது ஆபீஸ் முழுவதும் எழுதப்படாத சட்டம். ஆள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் விவரம் வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்வது ஒன்றுதான் அவர் மனம் ஒன்றிச் செய்த காரியம்.

"இது என்னது?" என்று வரைபடத்தில் விரலை வைத்துக் கேட்டார் மாப்பிள்ளை, அன்றைக்கு.

"லிஃப்ட் நின்னதுக்கு அப்புறம் சமமா நிக்குதான்னு பாக்கற சென்சார் சார்."

"நின்னதுக்கு அப்புறமா?"

"ஆமா சார்."

"நின்னதுக்கு அப்புறம் எதுக்குப் பாக்கணும்? அதான் நின்னுடுச்சே!"

பக்கத்தில் இருந்த மேலாளர் கைதட்டினார். இந்த மேலாளர் சோப்புக் கம்பெனியிலிருந்து வந்தவர். சோப்பு எந்த மாடியிலும் போய் நிற்க வேண்டியதில்லை என்பதால் அவருக்கும் அது வீண் செலவாகவே பட்டது. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். அதனால் அவர் பெயரே பாத்துக்கலாம் என்று ஆகிவிட்டது. சிவப்புப் பென்சிலால் சென்சாரின் மேல் ஒரு கோடு இழுத்தார்கள். இன்ஜினியர் வாயைத் திறந்தார். "பாத்துக்கலாம்" என்றார் பாத்துக்கலாம்.

பார்த்துக்கொண்ட லட்சணம்தான் வரவேற்பறையில் விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமனாரே ஒருநாள் வந்து விழுந்த பிறகு அவசரக் கூட்டம் போட்டார்கள். இன்ஜினியர் படம் வரைந்து, இரும்புக் கயிற்றுக்குப் பதில் ரப்பர் வளையத்தை இழுத்துக் காட்டி, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்கு. எல்லாரும் ரப்பர் வளையத்தை வாங்கி ஆளுக்கொரு முறை இழுத்துப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிப்பதை யாரோ போட்டோ எடுத்தார்கள். பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்.

"லிஃப்ட் எவ்ளோ கீழ நிக்குது?"

"நாலு விரற்கடை சார்."

"அப்போ லிஃப்டுக்குள்ள நாலு விரற்கடை உயரத்துக்கு ஒரு பலகை போட்டா சமமாயிடும்ல?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கண்ணீர் விடாத குறையாகப் பாத்துக்கலாம் எழுந்து நின்றார். இன்ஜினியருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் அடக்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"சார், பலகைக்கும் கனம் இருக்கு. அது ஏறினா லிஃப்ட் இன்னும் கொஞ்சம் இறங்கும்."

"அப்போ இன்னொரு சின்னப் பலகை!" என்றார் மாப்பிள்ளை.

தேக்குப் பலகை வந்தது. அதன் மேல் இன்னொன்று வந்தது. மறுநாளே புதுக் கண்டுபிடிப்பு: நாலு பேர் ஏறினால் லிஃப்ட் சமமாக நின்றது. ஒரே ஒருவர் ஏறினால் இரும்புக் கயிறு இழுபடவில்லை, பலகை நாலு விரற்கடை மேலே துருத்தி நின்றது. முன்னே திட்டில் தடுக்கி விழுந்தவர்கள் இப்போது திட்டிலிருந்து இறங்கி விழுந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அதற்கும் பாத்துக்கலாம் ஒரு வழி பார்த்தார். "தனியாகச் செல்லாதீர்கள். ஒற்றுமையே பலம்" என்று கதவருகில் ஒட்டினார். வரவேற்பாளர் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்து, பஸ்ஸுக்கு ஆள் சேர்ப்பதுபோல மூன்றாம் மாடிக்கு ஒரு ஆள் குறைகிறது, யாராவது வருகிறீர்களா என்று கூவிக்கொண்டிருந்தார். உயரமான விற்பனையாளர் ஒருவருக்கு உள்ளே மேல்விளக்கு தினமும் நெற்றியில் இடித்தது. அவர் குனிந்து பழகிக்கொண்டார். அந்தக் குனிவு வாடிக்கையாளர்களிடமும் நன்றாக எடுபட்டதால் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இதெல்லாம் ஆபீசுக்குள் நடக்கும் வரை இன்ஜினியர் சிரித்துக்கொண்டு படியேறினார். மாடல் விற்றுவிட்டது என்று தெரிந்த அன்றுதான் சிரிப்பு நின்றது. வாங்கியது ஓர் ஆஸ்பத்திரி. அதுவும் அவருடைய மனைவி நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி.

அவள் அறுவைசிகிச்சை வார்டில் இருந்தாள். ஆபரேஷன் முடிந்தவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கீழ்த்தளத்திலிருந்து மேலே கொண்டுவருவது அவள் பொறுப்பு. அங்கே இருந்த பழைய லிஃப்டின் வாசலில் ஒரு விரல் கனத்துக்கு ஒரு தூக்கல். அதன் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் மயக்கத்தில் இருப்பவர்கள்கூட முனகுவார்கள் என்று வீட்டில் வந்து சொல்லுவாள். சொல்லும்போது தன் வயிற்றிலேயே தையல் போட்டதுபோல முகம் சுளிப்பாள்.

"எங்க மேட்ரன் கேட்டாங்க, உங்க வீட்டுக்காரர் கம்பெனி லிஃப்டாமேன்னு" என்றாள் ஒருநாள். "ஆமா, அவரு போட்ட டிசைன்தான், இனிமே குலுக்கலே இருக்காதுன்னு சொல்லிட்டு வந்தேன். சரிதானே?"

"ம்" என்றார் இன்ஜினியர். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாத்துக்கலாமிடம் போனார். ஆஸ்பத்திரி லிஃப்டுக்காவது சென்சார் போடலாம் என்றார். பாத்துக்கலாம் அன்போடு அவர் தோளில் கை போட்டார்.

"தம்பி, ஆஸ்பத்திரிக்குன்னு தனியா வெள்ளை கலர்ல பலகை செய்யச் சொல்லியாச்சு. கழுவலாம். பயப்படாதீங்க."

"ஸ்ட்ரெச்சர் போகணும் சார்."

"ஸ்ட்ரெச்சருக்குச் சக்கரம் இருக்குல்ல? உருண்டு போயிடும். நீங்க லிஃப்ட் சரியா இருக்குன்னு கையெழுத்து மட்டும் போடுங்க. சட்டப்படி இன்ஜினியர் போடணுமாம். உங்களுக்கு மனசில்லன்னா சொல்லுங்க, மனசு இருக்கற இன்ஜினியரா ஒருத்தரப் பாத்துக்கலாம்."

வேலை போய்விடும் என்று பச்சையாகச் சொல்வதற்குப் பதில் அவர் அப்படிச் சொன்னார். சோப்புக் கம்பெனியில் பழகிய வழுக்கல் அது.

இன்ஜினியருக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு நாள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். மூன்றாம் நாள் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த இடத்தில் சரியான காரணத்தைச் சொல்லி ஒரு சரியான காரியமும் நடந்ததில்லை. தப்பான காரணம் ஒன்று கிடைத்தால் நடந்தாலும் நடக்கும். நேராக மாப்பிள்ளையின் அறைக்குப் போனார்.

"சார், உங்க பலகை ஐடியாவப் பத்தித்தான் யோசிச்சிட்டே இருக்கேன். அதுல ஒரே ஒரு குறை."

மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. "என்ன குறை?"

"அது கண்ணுக்குத் தெரியுது சார்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணுக்குத் தெரியாத பலகை ஒண்ணு இருந்தா? நாலு பேர் ஏறினா நாலு விரற்கடை. ஒருத்தர் ஏறினா அதுக்கேத்த மாதிரி. யாரும் இல்லன்னா பலகையே கிடையாது. கனமும் இல்ல, தூசியும் படியாது."

"அப்படி ஒண்ணு செய்ய முடியுமா?"

"ஐடியா உங்களுதுதானே சார். நான் சும்மா ஒரு பெட்டிக்குள்ள அடக்கியிருக்கேன்" என்று இன்ஜினியர் சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"நல்ல ஐடியா எல்லாமே அப்படித்தான் சார். முன்னாடியே பாத்த மாதிரி இருக்கும்."

அடுத்த வாரமே மேடை போட்டு, திரை விலக்கி, கண்ணுக்குத் தெரியாத பலகையை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திரை விலக்கிக் காட்டியதும், கூடியிருந்தவர்கள் பார்த்துவிட்டுக் கைதட்டியதும் அந்தக் கம்பெனியில் மட்டுமே நடக்கக்கூடியவை. கண்டுபிடித்தவர் என்று மாப்பிள்ளைக்குக் கேடயம். கொடுத்தவர் பாத்துக்கலாம். பின்வரிசையில் நின்ற இன்ஜினியருக்கு மனம் குளிர்ந்திருந்தது. கேடயம் யாருக்குப் போனால் என்ன, சென்சார் லிஃப்டுக்குப் போனால் சரி. ஆஸ்பத்திரி லிஃப்டில் தன் கையாலேயே அதைப் பொருத்தி, ஆளை ஏற்றி இறக்கிப் பார்த்தார். தரையும் லிஃப்டும் ஒரே தரை போல நின்றன. வாசலில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டார். அது தடங்கலே இல்லாமல் உள்ளே ஓடியது.

ஒப்படைக்கிற நாளுக்கு முந்தின நாள் போனபோது, லிஃப்டுக்குள் வெள்ளைப் பலகைகள் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தன.

"கண்ணுக்குத் தெரியாத பலகை இருக்கும்போது இது எதுக்கு சார்?" என்று பாத்துக்கலாமிடம் ஓடினார்.

"ரெண்டும் இருந்தா டபுள் சேஃப்டி. அதோட, கண்ணுக்குத் தெரியாதது இருக்கா இல்லையான்னு கஸ்டமருக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு காட்ட வேணாமா?"

"சார், இப்போ அது சமமா நிக்குது. இதப் போட்டா நாலு விரற்கடை மேல நிக்கும். எப்பவும்!"

"உயரமாத்தானே நிக்குது? தாழ்ந்து போகலையே?" என்றார் பாத்துக்கலாம். "நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட நல்ல பேனாவா கொண்டு வாங்க. போட்டோ எடுப்பாங்க."

தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். அது பலகையே இல்லை, நீங்கள் வெட்டி எறிந்த அதே சென்சார் என்று இப்போது உண்மையைச் சொன்னால், இருக்கிற சென்சாரையும் பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் பலகை இருக்கும். தான் சொன்ன பொய்யிலேயே மாட்டிக்கொண்டு இன்ஜினியர் வீட்டுக்குப் போனார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுக் கதையையும் சொன்னார். நடுவில் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நாலு விரற்கடையா?" என்று தன் விரல்களைச் சேர்த்துப் பார்த்தாள். "வயித்துல தையல் போட்டவங்க இதுல இறங்கினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லப்போறேன். வேலை போனா போகட்டும்."

"போட மாட்டேன்னு நீங்க எந்திரிச்சு வந்துட்டா, போடறதுக்கு இன்னொருத்தன் வருவான். உங்க வேலையும் போகும், பலகையும் இருக்கும். அத நான்தான் தினம் தள்ளணும்." கையில் இருந்த சட்டையை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தாள். "எங்க ஆஸ்பத்திரிக்கு எது வந்தாலும் ஒரு ஆள வெச்சுப் பாக்காம வாங்க மாட்டோம். புதுக் கட்டில் வந்தப்ப எங்க பெரிய டாக்டரே ஏறிப் படுத்துப் பாத்தாரு. நாளைக்கு ஸ்ட்ரெச்சர நான் கொண்டு வரேன். படுக்கறதுக்கு உங்க பக்கத்துல யாராவது பெரிய மனுஷன் கிடைப்பாரா?"

இன்ஜினியர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அவளை இவ்வளவு பிடித்ததில்லை.

காலையில் ரிப்பன் கட்டியிருந்தது. பெரிய டாக்டர், மேட்ரன், வாசலில் கூட்டம். இன்ஜினியர் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"சார், ரிப்பன் வெட்டற போட்டோ எல்லாரும்தான் எடுக்கறாங்க. முதல் நோயாளியா நீங்களே ஸ்ட்ரெச்சர்ல போற மாதிரி ஒண்ணு எடுத்தா?"

மாப்பிள்ளை அதற்குள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

படுத்தார். முகத்தைக் கேமரா பக்கம் திருப்பி, வலியையும் நம்பிக்கையையும் சேர்த்துக் காட்டினார். இன்ஜினியரின் மனைவி கைப்பிடியைப் பிடித்தாள். உள்ளே ஏற்றும்போது முன்சக்கரம் பலகையில் முட்டி நின்றது. இரண்டு வார்டு ஆட்கள் வந்து தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. "ஜோர்!" என்றார் மாப்பிள்ளை, கேமராவைப் பார்த்து. மற்றவர்கள் படியேறி மேல்மாடிக்குப் போய்க் காத்திருந்தார்கள்.

கதவு திறந்தது. அந்தப் பெண் குரல் மாடி எண்ணைக் கொஞ்சலாகச் சொன்னது. நோயாளியை எப்படித் தள்ளுவாளோ அப்படியேதான் தள்ளினாள் அவள், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. கால்மாட்டுச் சக்கரங்கள் பலகையின் விளிம்பைத் தாண்டித் தொபுக்கென்று இறங்கின. ஸ்ட்ரெச்சர் முன்பக்கமாகச் சாய்ந்தது. கம்பெனியின் இயக்குநர் சறுக்குமரத்தில் வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்து, பெரிய டாக்டரின் காலடியில் உட்கார்ந்தார். அந்தப் போட்டோ மட்டும் மிகத் தெளிவாக விழுந்தது.

"அம்மா!" என்றார் மாப்பிள்ளை. இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அவள் குனிந்து அவருக்குக் கை கொடுத்தாள். "சார், உங்களுக்கு உடம்புல தையல் இல்ல. எந்திரிச்சிருவீங்க. இங்க வர்றவங்களால முடியாது."

பெரிய டாக்டர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பலகைய யாரு போடச் சொன்னது?" என்றார்.

மாப்பிள்ளை பாத்துக்கலாமைப் பார்த்தார். பாத்துக்கலாம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கூரையைப் பார்த்தார். "கழட்டுங்க!" என்று கத்தினார் மாப்பிள்ளை. "கண்ணுக்குத் தெரியாத பலகை இருக்கும்போது எவன்யா இதப் போட்டது?"

இன்ஜினியர் திருப்புளியைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மண்டியிட்டு ஒவ்வொரு திருகாணியாகத் தானே கழற்றினார். பிறகு வெறும் ஸ்ட்ரெச்சரை அவர் மனைவி உள்ளே தள்ளி வெளியே இழுத்தாள். சக்கரச் சத்தம்கூட மாறவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார்.

மறுவாரம் ஆபீசில் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மரப்பலகை என்ற தவறான யோசனையைப் புகுத்தி, கம்பெனியின் பெயருக்கும் இயக்குநரின் இடுப்புக்கும் களங்கம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு. கண்ணுக்குத் தெரியாத பலகை எல்லா மாடல்களிலும் இனி கட்டாயம் என்றும், அது இயக்குநரின் தொலைநோக்கு என்றும் அதே கடிதத்தில் இருந்தது. கழற்றிய வெள்ளைப் பலகைகள் வீணாகப் போகக்கூடாது என்று ஆபீஸ் லிஃப்டுக்கே வந்து சேர்ந்தன. இன்ஜினியர் படியேறிப் போய் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவியிடம் அதை வாய்விட்டுப் படித்தார். "இயக்குநரின் இடுப்புக்கும்" என்ற இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

"இன்னைக்கு வயித்துல ஆபரேஷன் ஆன ஒரு அம்மா. கீழருந்து நான்தான் கொண்டு வந்தேன். லிஃப்டுக்குள்ள போனது, வெளிய வந்தது, ஒண்ணுமே தெரியல அவங்களுக்கு. படுக்கையில மாத்தற வரைக்கும் தூங்கிட்டே வந்தாங்க."

"முனகக்கூட இல்லையா?"

"இல்லைங்க."

இன்ஜினியர் கடிதத்தை மடித்து வைத்தார்.

"முழிக்கவே இல்லையா?" என்று மறுபடியும் கேட்டார்.

"அதான் சொன்னேனே, முழிக்கவே இல்ல" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னாள்.